அட்டையில் பட்டு, கையில் பாலியஸ்டர்

கோலா பிலாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் சேலை மூட்டையைச் சுமந்து வரும் வியாபாரியை இன்று காண்பது அரிது. மூட்டை கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே முகநூல் நேரலையில் ஒருவர் சேலையை விரித்துக் காட்டுகிறார். அந்தப் பக்கம் லயத்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய் தன் மகளிடம் சொல்லி, "நம்பர் 7, எங்களுக்கு ஒன்னு" என்று எழுத வைக்கிறார். வங்கிக் கணக்கு எண் வருகிறது. பணம் போகிறது. சில நாள்களில் பொட்டலம் வந்து சேர்கிறது.

விற்பவர் யார்? வேறு யாரும் அல்லர், வாசகர்களே! நம்மில் ஒருவர்தாம். விடுதி அறையில் கட்டிலுக்கு அடியில் சேலைப் பெட்டியை வைத்துக்கொண்டு பி.டி.பி.டி.என். கடன் போதாமல் வியாபாரம் செய்யும் மாணவர். பட்டம் வாங்கி வேலைக்குக் காத்திருக்கும் நேரத்தில் ரவிக்கையும் பஞ்சாபி உடையும் விற்கும் முன்னாள் மாணவர். இந்த முயற்சியைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. நம் இனம் வியாபாரத்தில் பின்தங்கிவிட்டது என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஒருவர் இறங்கிச் செய்தால் கைதட்டத்தான் வேண்டும். எனினும், இந்த வியாபாரத்தில் அடிக்கடி எழும் ஒரு சிக்கலை நாம் பேசாமல் மூடி வைக்கிறோம். துணியோடு போகும் விவரம் தவறாக இருந்து, வாங்கியவர் "இதைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டால் என்ன செய்வது?

பெரும்பாலும் வரும் பதில்கள் நமக்குத் தெரிந்தவையே. "சிஸ், நோ ரிட்டர்ன் நோ ரீஃபண்ட்னு முதல்லயே போட்டிருக்கோமே." "எங்களுக்கு சப்ளை பண்ணவங்க பட்டுன்னுதான் சொன்னாங்க மா." "இந்த விலைக்கு அசல் காஞ்சிபுரம் கிடைக்குமா, நீங்களே யோசிச்சுப் பாருங்க." மூன்றாவது பதில் எனக்கு வியப்பைத் தருகிறது. அந்த விலைக்கு அசல் கிடைக்காது என்பது விற்றவருக்குத் தெரியுமானால், அட்டையில் காஞ்சிபுரம் என்று எழுதியது ஏன்? வாங்குபவரின் அறியாமை விற்றபோது இலாபமாக இருந்தது. கேள்வி வந்ததும் அதுவே குற்றமாகிவிட்டதா?

முதல் இரண்டு பதில்களுக்கும் நம் நாட்டுச் சட்டத்தில் இடமில்லை என்பதைப் பலர் அறியவில்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கப்படும் பொருள் அதைப் பற்றிச் சொல்லப்பட்ட விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பதை விற்பவர் தருகின்ற உத்தரவாதமாகவே கொள்கிறது. விற்பவர் அதை வாயால் சொல்ல வேண்டியதில்லை. விற்ற மாத்திரத்தில் அவர் சொன்னதாகிவிடுகிறது. சட்டம் வந்த காலத்தில் இணைய வியாபாரம் அதன் எல்லைக்கு வெளியே இருந்தது. 2007ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் உள்ளே கொண்டு வந்தது. பின்னர் மின்வணிகத்துக்கென்றே 2012இல் விதிமுறைகள் இயற்றப்பட்டன. அவற்றின் இடத்தில் 2024இல் புதியவை வந்தன. பொருளின் முக்கியத் தன்மைகளைச் சரியாகத் தெரிவிக்க வேண்டும், விற்பவர் தம் பெயரையும் தொடர்பு விவரங்களையும் கொடுக்க வேண்டும், அஞ்சல் செலவையும் சேர்த்து முழு விலையைச் சொல்ல வேண்டும் என்பன அந்த 2012 விதிகளிலேயே இருந்தவை.

"திருப்பி எடுக்க மாட்டோம்" என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டால் இந்த உத்தரவாதம் மறைந்துவிடாது. சட்டம் தந்த உரிமையை விற்பவரின் அறிவிப்பு ஒன்று பறிக்க முடியாது என்று அதே சட்டம் கூறுகிறது. "சப்ளை பண்ணவர் சொன்னார்" என்பதும் அப்படித்தான். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில், உண்மை என்று தாமே நம்பிக்கொண்டு ஒருவர் ஆதாரமின்றி உறுதியாகச் சொன்ன தவறான தகவலும் தவறான எடுத்துரைப்பாகவே கருதப்படுகிறது. பொய் சொல்லும் எண்ணம் இருந்ததா இல்லையா என்பது வேறு கேள்வி. பட்டு என்று நம்பி 180 வெள்ளி கொடுத்தவரின் கையில் இருப்பது பட்டு இல்லை என்பதே இங்குள்ள கேள்வி.

ஒன்றை இங்கே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். மனம் மாறியது வேறு, விவரம் தவறியது வேறு. கட்டிப் பார்த்தேன், எனக்கு எடுக்கவில்லை, என் அக்கா அதே நிறத்தில் வைத்திருக்கிறாள் என்பனவெல்லாம் மனமாற்றம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியவர் காரணமே சொல்லாமல் 14 நாள்களுக்குள் விலகிக்கொள்ளலாம் என்று 2011இல் சட்டம் செய்தார்கள். நம் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் உத்தரவாதம் அந்த அளவுக்குப் போகவில்லை. மனமாற்றத்துக்குத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அது அவரது வியாபார முடிவு. ஆனால், இந்த ஒரு வரியை எழுதிவிட்டுத் தம் தவற்றையும் அதன் கீழ் ஒளித்து வைப்பது முறையன்று.

பழைய மூட்டை வியாபாரியை எண்ணிப் பாருங்கள். நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். சம்பள நாளை ஒட்டித் தோட்டத்துக்கு வருவார். லயத்து வாசலில் மூட்டையை அவிழ்ப்பார். அந்த இடத்திலேயே முழுப்பணத்தையும் கொடுத்து வாங்கியவர் குறைவு. 555 நோட்டில் பெயர் ஏறும். மாதம் இத்தனை வெள்ளி என்று தவணை. அவர் ஒன்றும் புனிதர் அல்லர். கடனுக்குக் கொடுத்த சேலைக்கு விலையை ஏற்றித்தான் வைத்தார்; ரெயானைப் பட்டு என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஆயினும் முதல் துவைப்பிலேயே சாயம் போன சேலையை அடுத்த மாதம் அவர் முகத்துக்கு நேரே நீட்ட முடிந்தது. அவர் அதை வாங்கிக்கொண்டு வேறு சேலை கொடுத்தார். அல்லது நோட்டில் கொஞ்சம் அடித்தார். காரணம் எளிது. மீதிப் பணம் இன்னும் பாட்டியின் கையில் இருந்தது. அவரும் அதே லயத்துக்கு மறுபடி வந்தாக வேண்டும்.

நேரலை வியாபாரம் இதைத் தலைகீழாக்கிவிட்டது. பணம் முழுவதும் முதலில் போகிறது. துணி பிறகு வருகிறது. ஷோப்பி போன்ற தளங்களில், பொருள் வந்து சேர்ந்ததை வாங்கியவர் உறுதி செய்யும்வரை அல்லது அதற்குரிய காலம் முடியும்வரை பணத்தைத் தளமே பிடித்து வைக்கிறது. பாட்டியின் கையில் இருந்த மீதிப் பணத்துக்கு ஈடான ஏற்பாடு அது. முகநூல் நேரலையிலும் புலனக் குழுவிலும் விற்கும் நம்மவர்களிடம் இந்த ஏற்பாடு கிடையாது. டுயிட்நவ் வழி அனுப்பிய பணம் மறுகணம் விற்றவர் கணக்கில் இருக்கிறது. வாங்கியவருக்கு மிஞ்சுவது விற்றவரின் நேர்மையும், அது இல்லாதபோது சட்டமும் மட்டுமே.

துணி விவரங்களில் எங்கெங்கே தவறு நேர்கிறது என்பதைத் தொழில் செய்பவர்கள் அறிவார்கள். அளவு ஒன்று. இந்தியாவிலிருந்து வரும் உடையில் 40 என்றிருந்தால் அது மார்பளவின் அங்குலம். இங்கே அதை ஒருவர் எல் என்கிறார், இன்னொருவர் எக்ஸ்எல் என்கிறார். அங்குலத்தையே எழுதிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். நிறம் இன்னொன்று. விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் சற்றுக் கூடக் குறையத் தெரிவதைத் தவறான விவரம் என்று நான் சொல்ல மாட்டேன்; கத்தரிப்பூ நிறம் என்று எழுதி ரோஜா நிறத்தை அனுப்புவது தவறுதான்.

துணியின் இனத்தில் நேரும் தவறே பெருந்தவறு. பட்டு என்ற சொல் சந்தையில் படாத பாடு படுகிறது. 'செமி சில்க்', 'ஆர்ட் சில்க்', 'லிச்சி சில்க்' என்று வரும் பெயர்களில் சில்க் என்பது பளபளப்பைக் குறிக்கிறதே அன்றிப் பட்டுப்புழுவை அன்று. ஆர்ட் என்றால் கலை என்று நினைத்துக்கொண்டு 'கலைப்பட்டு' என மொழிபெயர்த்துப் போட்டால் என்னாகும்? அது செயற்கை என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் சுருக்கம்! காஞ்சிபுரம் என்ற பெயரோ இன்னும் கனமானது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் இந்தியாவில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அந்த வட்டாரத்தில் அந்த முறைப்படி நெய்ததற்கு மட்டுமே அப்பெயர் உரியது. அதற்குச் சற்று முன், 2004இல், தூய பட்டை அடையாளம் காட்ட 'சில்க் மார்க்' என்ற முத்திரையும் மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் வந்தது. அந்த அட்டை இல்லாத சேலையெல்லாம் போலி என்பதில்லை. ஆனால், மொத்த வியாபாரி பட்டு என்று சொன்னால் அதைக் கேட்டுப் பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீயில் காட்டலாம். பட்டு முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலில் பொடியாகும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். ஒரு நிமிட வேலை. விளம்பர வரியை எழுதுமுன் செய்ய வேண்டிய வேலை.

சரி, செய்யவில்லை. சேலை விற்றாகிவிட்டது. ஒருவர் கேட்டுவிட்டார். இனி?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை. ஒரே தொகுதியில் 20 சேலைகள். ஒன்று 110 வெள்ளிக்கு வாங்கி 180 வெள்ளிக்கு விற்கப்பட்டது. அனுப்பும் செலவு பத்து வெள்ளி, விற்பவர் பொறுப்பு. சரியான பெயரில் விற்றிருந்தால் 90 வெள்ளி போகும் என்று கொள்வோம். வாங்கியவர் சேலையைத் திருப்பி அனுப்பினால், 180 வெள்ளியையும் திருப்பி அனுப்பும் செலவையும் கொடுத்து, அதைப் பிறகு உண்மைப் பெயரில் 90க்கு விற்றால், ஒரு சேலைக்கு 40 வெள்ளி நட்டம். வாங்கியவர் சேலையை வைத்துக்கொண்டு 90 வெள்ளி வித்தியாசத்தை மட்டும் பெற்றுக்கொண்டால் 30 வெள்ளி நட்டம். இருபதும் திரும்பி வந்தால் 800 வெள்ளி போய்விடும். ஒன்றும் பேசாமல் இருந்திருந்தால் 1,200 வெள்ளி இலாபம். ஒரு மாணவருக்கு இந்த இடைவெளி விளையாட்டன்று என்பதை நான் மறுக்கவில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2025இல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை வாரம் ஆறு நாள் வேலைக்கு நாளாகப் பிரித்தால் 65 வெள்ளி 38 காசு. செம்பனைக் குலை சுமப்பவருக்கோ பால் வெட்டுபவருக்கோ 180 வெள்ளிச் சேலை என்பது ஏறக்குறைய மூன்று நாள் உழைப்பு. அந்தச் சேலை பெட்டியில் தூங்குவதற்காக வாங்கப்படுவதில்லை. பரிசத் தட்டில் வைக்கப்படுகிறது. பெண் வீட்டில் யாரோ ஒரு சித்தி அதைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் கீழே வைக்கிறார். அந்தத் தாய்க்கு அப்போது நேர்வதை எந்தத் தீர்ப்பாயமும் வெள்ளிக் கணக்கில் திருப்பித் தர முடியாது.

ஆக, நட்டத்தை யார் ஏற்பது? முறைப்படி மொத்த வியாபாரி ஏற்க வேண்டும். அவரிடம் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். அவர் இந்தியாவில் இருந்துகொண்டு புலனத்தில் நம்மைத் தடை செய்துவிட்டால் எஞ்சுவது இருவர். அந்த மொத்த வியாபாரியைத் தேர்ந்தெடுத்தவர் விற்றவர். வாங்கியவருக்கு அவர் பெயரே தெரியாது. தேர்ந்தெடுத்தவரே சுமப்பதுதான் நியாயம் என்பேன். 40 வெள்ளி நட்டமா 30 வெள்ளி நட்டமா என்பதை முடிவு செய்யும் உரிமையும் விற்றவருடையது அன்று. திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொண்டு மதிப்புக் குறைவை வாங்கிக்கொள்வதா என்பதைச் சட்டம் வாங்கியவர் கையில் கொடுத்திருக்கிறது. "முப்பது வெள்ளி தர்றேன், விட்டுடுங்க" என்று பேரம் பேசுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

திருப்பி அனுப்பும் சுமையும் அப்படியே. லாடாங்கிலிருந்து கோலா பிலா பட்டணத்து அஞ்சலகத்துக்கு வர மோட்டார் சைக்கிள் இல்லாதவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்; ஒரு காலை வேலை கெடும். திருப்பி அனுப்புவது பெரும் செலவாகும் நிலையில் விற்றவரே தம் செலவில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்வது இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். கூரியர் நிறுவனத்தை வீட்டுக்கே அனுப்பி எடுக்கச் சொல்லுங்கள். பொட்டலம் அவர்கள் கைக்குப் போனதும் பணத்தை அனுப்பிவிடுங்கள். நம்மிடம் வந்து சேர்ந்து, பிரித்துப் பார்த்து, பிறகு "அடுத்த வாரம் போடுறேன்" என்று இழுப்பதைப் போல் ஆத்திரத்தைக் கிளப்புவது வேறில்லை.

வாங்கியவர்களுக்கும் பொறுப்பு உண்டு. ஐயம் வந்தவுடனே கேட்க வேண்டும். கேட்ட பிறகு அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டு வந்து திருப்பிக் கொடுப்பது அழகன்று. ரவிக்கைத் துணியை வெட்டிவிட்டால் முழுப்பணமும் கேட்பது கடினம், வித்தியாசத்தைக் கேட்கலாம். முதல் செய்தியை விற்றவருக்கு அனுப்பாமல் முகநூலில் படத்தோடு போட்டு 'ஏமாற்றுக்காரி' என்று எழுதும் பழக்கம் வேண்டாம். அதே வேளையில், கேட்டும் பதில் வராவிட்டால் ஒதுங்கிப் போகவும் வேண்டாம். பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் ஐந்து வெள்ளிக் கட்டணத்தில் வழக்குத் தொடுக்கலாம். பொதுவாக இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது. நமக்காக நாமே பேசலாம். 2019 முதல் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. கோலா பிலாக்காரர்கள் புக்கிட் புத்தூஸ் ஏறி இறங்கிச் சிரம்பானுக்குப் போக வேண்டியிருக்கலாம். சுமார் 40 கிலோமீட்டர். 180 வெள்ளிக்காக இவ்வளவு தூரமா என்பவர்களுக்கு நான் என்ன சொல்வது? அந்தத் தூரத்தை நம்பித்தான் சிலர் பதில் எழுதாமல் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னவற்றைப் பலர் ஏற்றுக்கொள்வார்கள். இனிச் சொல்வதற்கு எதிர்ப்பு வரும். இருபது சேலைகள் விற்றன. திருப்பி எடுங்கள் என்று கேட்டவர் ஒருவர். அவருக்குப் பணத்தைக் கொடுத்து, "யாருகிட்டயும் சொல்லாதீங்க அக்கா" என்று முடித்துவிடுவதையே நல்ல வியாபாரம் என்று பலர் கருதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒருவர் கேட்டதும் விற்றவருக்குத் தெரிந்தது அந்த ஒரு சேலையைப் பற்றியன்று, இருபதைப் பற்றியும்தான். அந்த நொடிக்கு முன்புவரை "தெரியாமல் எழுதிவிட்டேன்" என்று சொல்லலாம். அதற்குப் பிறகு சொல்ல முடியாது. கையிருப்பில் மிச்சம் இருப்பதைப் பழைய பெயரிலேயே தொடர்ந்து விற்றால் அது 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம். முன்பே வாங்கிய பத்தொன்பது பேரும் கேட்டவருக்குள்ள அதே உரிமை உடையவர்கள். அவர்களுக்கு அது தெரியாது, அவ்வளவே.

கேட்டவர் யாராக இருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் பட்டணத்தில் இருப்பவர், படித்தவர், வேறு பட்டுச் சேலைகளைத் தொட்டுப் பார்த்தவர். கேட்காதவர் யார்? "நம்ம பிள்ளை, யுனிவர்சிட்டியில படிக்குது, பொய்யா சொல்லும்?" என்று நம்பி வாங்கிய தோட்டத்து அம்மா. அவர் அந்தப் பாலியஸ்டர் சேலையை உலர்சலவைக்குக் கொடுத்துக் காசைக் கரைத்துக்கொண்டிருப்பார். கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் நேர்மை, நம்பியவருக்கு இல்லை என்றால் நம்முடைய படிப்பு யாருக்கு எதிராகப் பயன்படுகிறது?

"வீணாக ஊதிப் பெரிதாக்குவானேன், பெயர் கெட்டுவிடுமே" என்று கேட்கலாம். இருபது பேரும் ஒரே நேரலையில் வாங்கியவர்கள், பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சொந்தம். கல்யாண வீட்டில் இரண்டு சேலைகள் அருகருகே உட்காரும் நாளில் செய்தி தானாகவே பரவும். அது விற்றவர் வாயிலிருந்து முதலில் வருவதா, மற்றவர் வாயிலிருந்து வருவதா என்பது மட்டுமே விற்றவர் கையில் உள்ளது. எல்லாரும் திருப்பிக் கொடுப்பார்கள் என்ற அச்சமும் தேவையில்லை. தீபாவளிக்கு எடுத்த சேலை, நிறம் பிடித்திருக்கிறது, வித்தியாசத்தைக் கொடுத்தால் போதும் என்பவர்கள் இருப்பார்கள்.

அப்படி அனுப்பும் செய்தியில் "தவிர்க்க இயலாத காரணங்களால்" என்ற அரசாங்கத் தமிழ் வேண்டாம். வாசிக்கச் சிரமப்படுவோருக்குக் குரல் பதிவாகவே அனுப்பலாம். ஏறக்குறைய இப்படி: "வணக்கம் அக்கா. போன மாசம் நீங்க எங்ககிட்ட வாங்குன 7ஆம் நம்பர் சேலைய காஞ்சிபுரம் பட்டுன்னு சொல்லி வித்தோம். அது பட்டு இல்ல, பாலியஸ்டர். சேலை வேணாம்னா நாங்களே ஆள் அனுப்பி எடுத்துக்கிறோம், 180 வெள்ளியும் வந்துடும். வச்சுக்கிறேன்னா 90 வெள்ளி திருப்பி அனுப்புறோம். ஒரு தடவ கட்டியிருந்தாலும் சொல்லுங்க, பேசிக்கலாம். உங்க பேங்க் நம்பர மட்டும் அனுப்புங்க அக்கா."